பழைய கைதும் பயண விசாவும்

அமெரிக்காவுக்குச் சுற்றுலாவாகவோ, அங்கே குடியிருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவரவோ செல்ல விரும்பும் இந்தியர் இணையவழியில் நிரப்ப வேண்டிய டிஎஸ்-160 படிவத்தின் பாதுகாப்பு, பின்னணி விவரப் பகுதியில், ‘பின்னர் மன்னிப்போ பொதுமன்னிப்போ அதையொத்த சலுகையோ கிடைத்திருந்தாலும்கூட, எந்தக் குற்றத்துக்காகவாவது எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா’ என்ற பொருளில் ஒரு கேள்வி வருகிறது. விடையாக ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றையே குறிக்க முடியும். ‘ஆம்’ என்று குறித்தால்தான் விளக்கம் எழுதும் கட்டம் திறக்கும். கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டு வைக்கப்பட்டது. ‘எப்போதாவது’ என்பதற்குக் கால வரம்பு இல்லாததால் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கைதும் அதில் அடங்கும். கைதும் தண்டனையும் தனித்தனியே கேட்கப்படுவதால், வழக்கில் விடுதலையானவரும் கைதானது உண்மையென்றால் ‘ஆம்’ என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் பலரைத் தடுமாற வைப்பதற்குக் காரணம், இங்கே கைது என்ற சொல் அன்றாட வழக்கில் வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் குறிப்பதுதான். சாலை மறியலிலோ ஆர்ப்பாட்டத்திலோ ஈடுபட்டவர்களைப் போலீசார் வேனில் ஏற்றி, அருகிலுள்ள கல்யாண மண்டபத்தில் இறக்கி, பெயரும் தந்தை பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, மாலையில் விட்டுவிடுவது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். மண்டபத்தில் ஒரு பகலைக் கழித்தவர் அதைக் கைதாகவே எண்ணுவதில்லை. ஆனால் காவல் நிலையப் பதிவில் அது கைது செய்து விடுவித்ததாகவே இருக்கக்கூடும், சட்டவிரோதமாகக் கூடியதாகவும் வழியை மறித்ததாகவும் முதல் தகவல் அறிக்கை ஒன்றும் அதன்பின் நிற்கக்கூடும். இத்தகைய வழக்குகளை அரசே திரும்பப் பெறுவதும் உண்டு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது பதிவான வழக்குகளில், காவலர்களைத் தாக்கியது போன்றவை நீங்கலாக மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. வழக்கு வாபஸ் ஆனது விண்ணப்பதாரருக்கு நன்மையே என்றாலும், நடந்த கைதை அது இல்லாததாக்கிவிடுவதில்லை. மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று படிவம் கேட்பது இதுபோன்ற நிலையையும் மனத்தில் கொண்டுதான்.

மறுபுறம், கைதே நடக்காத நிலையில் கைதானதாக எழுதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது மட்டும் கைதாகாது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் இயந்திரகதியில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் கூறியபின், விசாரணைக்கு வரச்சொல்லி அறிவிப்பு மட்டும் கொடுக்கப்படுவது பெருகியிருக்கிறது. அந்த அறிவிப்பின்படி நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துத் திரும்பியவர் கைதானவர் அல்லர். போக்குவரத்து விதிமீறலுக்கு இ-சலானில் அபராதம் கட்டியவரும் அல்லர். ஆனால் காவல் நிலையத்திலேயே கைது காட்டி, ஜாமீன்தாரர்களின் கையொப்பம் பெற்று அனுப்பும் ‘ஸ்டேஷன் பெயில்’ என்பது, ஓர் இரவுகூட லாக்கப்பில் கழியாவிட்டாலும் கைதுதான். முன்ஜாமீன் பெற்றவர்களின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. முறைப்படி கைது காட்டி உடனே விடுவித்தார்களா, நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் பத்திரம் மட்டும் கொடுக்கப்பட்டதா என்பதை வழக்குக் கட்டைப் பார்த்தே சொல்ல முடியும். நினைவை நம்பி எழுதக் கூடாத இடம் இது.

இவற்றைவிட ஆழமான குழப்பம் ‘பெட்டி கேஸ்’ எனப்படும் சிறு வழக்குகளில் இருக்கிறது. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததாக 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் 75-ஆம் பிரிவின் கீழோ, பணம் வைத்துச் சீட்டாடியதாகச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் கீழோ பிடிபட்டவரிடம், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றே முடிந்துவிடும் என்று சொல்லப்படுகிறது. அவரும் சில நூறு ரூபாயைக் கட்டிவிட்டு, கேஸ் முடிந்தது என்று வீடு திரும்புகிறார். சட்டத்தின் கண்ணில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டதும் ஏதேனும் ஒரு தண்டனை விதிக்கப்பட்டதும் சேர்ந்தால் அது தண்டனைத் தீர்ப்பு என்பதே அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் இலக்கணமும் ஆகும். வழக்காடியிருந்தால் விடுதலையாகியிருக்கக்கூடிய ஒருவர், ஒரு நாள் கூலியைக் காப்பாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து விசா படிவத்தில் வந்து நிற்கிறது என்பதை அந்த நேரத்தில் அவருக்கு எடுத்துச் சொல்வார் யாரும் இல்லை என்பது வருந்தத்தக்கது.

ஆயினும் ‘ஆம்’ என்று எழுதியதாலேயே விசா மறுக்கப்படும் என்ற அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்கக் குடியேற்றம் மற்றும் தேசியச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு வெறும் கைதைத் தகுதியிழப்பாகக் கொள்வதில்லை. ‘ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்’ என்று அச்சட்டம் வகைப்படுத்தும் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தாலோ, அக்குற்றத்தின் கூறுகளைச் செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டாலோதான் தடை எழுகிறது. திருட்டு, மோசடி, ஏமாற்றும் நோக்கத்துடன் செய்த போலி ஆவணம் போன்றவை இவ்வகையில் சேரும், கூட்டமாகக் கூடியதும் வழியை மறித்ததும் பொதுவாகச் சேர்வதில்லை. இந்த வகையிலும், வாழ்நாளில் ஒரே ஒரு குற்றம் மட்டும் செய்தவருக்கு, அக்குற்றத்துக்குச் சட்டம் வகுத்த உச்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாமலும் அவருக்கு உண்மையில் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை 6 மாதத்தைத் தாண்டாமலும் இருந்தால், ‘சிறு குற்ற விதிவிலக்கு’ கிடைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது உச்சத் தண்டனை என்ற சொல். இந்தியத் தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை வகுத்திருந்ததால், ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில் அபராதத்தோடு தப்பியவரும் இந்த விதிவிலக்கை எளிதாக எதிர்பார்க்க முடியாது. பதினெட்டு வயதுக்கு முன் செய்த ஒரே குற்றத்துக்கு, ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் தனி விதிவிலக்கு உண்டு. போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குச் சிறு குற்ற விதிவிலக்கே கிடையாது; கையில் இருந்த அளவு சிறியது என்பது அங்கே போதிய வாதமாவதில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது தனி ரகம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் கீழ், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வேறு மோசமான கூறுகள் சேராத ஒற்றை வழக்கு ஒழுக்கக்கேடு சார்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. ஆனால் உடல்நலம் சார்ந்த தகுதி வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. கடந்த ஐந்தாண்டுகளுக்குள் மது தொடர்பான ஒரு கைதோ, பத்தாண்டுகளுக்குள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் விண்ணப்பதாரர் அனுப்பப்படுகிறார். அவர் மதுப்பழக்கத்துக்கு ஆட்பட்டவரா, அதனால் பிறருக்குத் தீங்கு நேருமா என்பதை மருத்துவர் ஆராய்ந்து அறிக்கை தருகிறார்.

மெய்யான ஆபத்து மறைப்பதில் இருக்கிறது. அதே 212-ஆம் பிரிவு, விசா பெறுவதற்காக முக்கியமான ஓர் உண்மையை வேண்டுமென்றே திரித்தோ மறைத்தோ கூறியவரை வாழ்நாள் முழுவதும் தகுதியற்றவராக்குகிறது. விசாவைக் கெடுத்திருக்கவே முடியாத ஒரு பழைய வழக்கை மறைக்கப்போய் வாழ்நாள் தடையைத் தேடிக்கொள்வது இப்படித்தான் நேர்கிறது. தீங்கற்ற ஒரு மண்டபக் கைதை மறைத்தது ‘முக்கியமான உண்மை’ ஆகாது என்று சட்டநுணுக்கமாக வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைக் கேட்கும் அதிகாரியின் நம்பிக்கை அதற்குள் போயிருக்கும். பல குடும்பங்களில் படிவத்தை நிரப்புவது டிராவல் ஏஜென்ட். ‘எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டாத்தான் சார் விசா வரும்’ என்று சொல்லி, கேள்வியை வாசித்துக்கூடக் காட்டாமல் அவர் வரிசையாக ‘இல்லை’ குறித்துவிடுகிறார். படிவத்தை நிரப்ப யார் உதவினார்கள் என்றும் டிஎஸ்-160 கேட்கிறது. யார் உதவியிருந்தாலும் இறுதியில் மின்கையொப்பம் இடுபவர் விண்ணப்பதாரர்தான் என்பதால், பொய்க்கான பொறுப்பு அவரையே சேர்கிறது. சமர்ப்பித்த பிறகு தவறு தெரியவந்தால் இரு வழிகள் உள்ளன: நேர்காணலுக்கு முன் திருத்திய புதிய படிவத்தைச் சமர்ப்பித்து அதன் எண்ணை நேர்காணல் பதிவோடு இணைக்கலாம், அது முடியாவிட்டால், நேர்காணல் தொடங்கியதும் அதிகாரி சுட்டிக்காட்டுவதற்கு முன்பே தானாக உண்மையைச் சொல்லிவிடலாம். உரிய நேரத்தில் தானாக முன்வந்து செய்த திருத்தத்தைப் பொய்யுரையாகக் கொள்ளக் கூடாது என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் நடைமுறை நெறியாகும். அதிகாரி கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொள்வதற்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

விளக்கக் கட்டத்தில் எழுத வேண்டியது ஐந்தாறு வரிகளே: நாள், காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவு, நீதிமன்ற வழக்கு எண், வழக்கு எப்படி முடிந்தது என்ற விவரம். ‘தவறான நண்பர்களால் நேர்ந்தது’ என்பன போன்ற உருக்கமான வரிகளால் பயனில்லை. விடுதலையான வழக்கில் தேவையற்ற ஒப்புதல்களை எழுதிவைப்பது, மேலே சொன்னபடி, தீர்ப்பு ஏற்படுத்தாத தகுதியிழப்பைத் தன் கையாலேயே ஏற்படுத்திக்கொள்வதாகவும் ஆகிவிடலாம். நடந்ததை மறைக்காமலும் நிரூபிக்கப்படாததைத் தன்மீது ஏற்றிக்கொள்ளாமலும் எழுதுவதற்கு ஒரு வழக்கறிஞரின் அரைமணி நேர உதவி போதுமானது.

அந்த வரிகளுக்குச் சான்றாக ஆவணங்கள் வேண்டும். விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே அவற்றைத் திரட்டத் தொடங்குவது நல்லது. முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டதால், உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாகப் பிந்தைய அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தேடலாம். நீதிமன்ற விவரங்களுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தின் பதினாறு இலக்கச் சிஎன்ஆர் எண் உதவும். ஆனால் தூதரகத்தில் எடுபடுவது முத்திரையிட்ட சான்று நகல்தான். அதற்கு அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு போட்டு, கட்டணம் கட்டிப் பெற வேண்டும். விசாரணையிலேயே முடிந்த வழக்கென்றால், மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாகக் காவல் துறை தாக்கல் செய்த இறுதி அறிக்கை, அதை நீதித்துறை நடுவர் ஏற்றுக்கொண்ட ஆணை ஆகிய இரண்டும் தேவை. உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கென்றால் அந்த ஆணை தேவை. பழைய சிறு வழக்குகளின் கட்டுகள் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்று நீதிமன்றமே தரும் சான்று அந்த இடத்தை நிரப்பும். ஆங்கிலத்தில் இல்லாத எதற்கும் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும்.

சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது வழக்கம். முடிவில் கொடுக்கப்படும் தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த வழி அமைகிறது. 221(ஜி) என்றால் ஆவணமோ கூடுதல் ஆய்வோ பாக்கியிருக்கிறது என்று பொருள். 214(பி) என்றால் திரும்பிவருவதற்கான பிணைப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். அதற்கும் பழைய கைதுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை, நிலை மாறியபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம், 185 டாலர் கட்டணம் மட்டும் மறுபடியும் கட்ட வேண்டும். 212-ஆம் பிரிவின்கீழ்த் தகுதியிழப்பு என்றாலும் கதவு முழுதாக மூடுவதில்லை. 212(டி)(3) என்னும் உட்பிரிவின்படி தற்காலிகப் பயணத்துக்கு விலக்கு கேட்கலாம். விண்ணப்பதாரரால் சமூகத்துக்கு எவ்வளவு ஆபத்து, முன்பு செய்த மீறல் எவ்வளவு கடுமையானது, பயணத்தின் காரணம் என்ன என்ற மூன்றையும் எடைபோட வேண்டும் என்று 1978-இல் ஹ்ராங்கா வழக்கில் வகுத்த அளவுகோல் இன்றும் பின்பற்றப்படுகிறது. விலக்குக்குப் பரிந்துரைக்க வேண்டியவர் தூதரக அதிகாரி. முடிவு வர மாதங்கள் ஆகலாம். தூதரக மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கான வழி மிகக் குறுகியது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல் மீண்டும் உறுதிசெய்திருப்பதால், விலக்கே நடைமுறைக்கு உகந்த பரிகாரம்.

மற்ற நாடுகளின் கேள்வி வேறு, அளவுகோலும் வேறு. கனடாவின் படிவம் குற்றம் செய்தது, கைதானது, குற்றம் சாட்டப்பட்டது, தண்டிக்கப்பட்டது ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் கேட்பதால், கைதாகாமல் குற்றப்பத்திரிகை மட்டும் பெற்றவரும் அங்கே ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பொய்யுரைத்தால் ஐந்தாண்டுத் தடை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை அந்நாடு 2018 டிசம்பர் முதல் கடும் குற்றமாக நடத்துகிறது. பொய்க்குப் பிரிட்டனில் பத்தாண்டு வரையிலும் ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டும் விண்ணப்பத் தடை வரக்கூடும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கான பொதுப் படிவத்திலோ இக்கேள்வியே இல்லை. ஒரு நாட்டுக்கு எழுதிய விடையை இன்னொன்றுக்கு அப்படியே படியெடுக்கக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பவர்கள் விசாவுக்கு முன்பே கடக்க வேண்டிய படி ஒன்று இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட் மறுக்க இடம் தருகிறது. 1993 ஆகஸ்டு அறிவிக்கை, அந்த நீதிமன்றமே வெளிநாடு செல்ல அனுமதித்தால் குறித்த காலத்துக்குப் பாஸ்போர்ட் வழங்க வழிசெய்கிறது. ஆகவே அத்தகையவர் முதலில் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில், பயண நாட்கள், திரும்பும் நாள், தங்கும் முகவரி ஆகியவற்றைக் குறித்து மனு தாக்கல் செய்ய வேண்டும். ஜாமீன் நிபந்தனையாகப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருந்தால் அதைத் திரும்பப் பெறும் கோரிக்கையையும் அதே மனுவில் சேர்க்கலாம். முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகி, நீதிமன்றம் இன்னும் வழக்கைக் கோப்பில் எடுக்காத நிலையில் அது ‘நிலுவை வழக்கு’ ஆகாது என்று வெளியுறவு அமைச்சகமே 2019-இல் விளக்கியிருக்கிறது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் இதன் பேரில் விண்ணப்பம் தடுக்கப்பட்டால், அந்த விளக்கத்தைச் சுட்டி எழுத்துமூலம் பதில் கோரலாம், பதில் வராவிட்டால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.