உங்களுக்குத் தெரியுமா? துணை கூடினாலே நோய் கூடிவிடுவதில்லை

சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்துப் பல துணைகளோடு பழகுகிறவர்களுக்கும், ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று இருப்பவர்களுக்கும் பால்வினை நோய் வந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 2015இல் வெளியான, 556 பேர் பதிலளித்த இணையவழி ஆய்வு சொன்னது இது.

• முதல் வகையினருக்குத் துணைகள் அதிகம்தான். ஆனால் ஆணுறைப் பயன்பாடும் நோய்ப் பரிசோதனையும் அவர்களிடமே அதிகம்.

• ‘ஒரே துணை’ என்றவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு வெளியே உறவு இருந்தது. அதுவும் பெரும்பாலும் துணைக்குத் தெரியாமல்! ஒளிவுமறைவு இருக்கும் இடத்தில் பாதுகாப்பு குறைவு என்று 2012இலேயே இன்னொரு அமெரிக்க ஆய்வு காட்டியிருந்தது.

• அமெரிக்காவில் துணையின்றித் தனித்திருக்கும் 3,438 பேரிடம் கேட்டதில், ஒன்பதில் ஒருவர் எப்போதாவது பாலியமரி (எல்லோர் சம்மதத்தோடும் பல துணைகள்) உறவில் இருந்தவர். மறுபடியும் அதே வழிக்குப் போகத் தயார் என்றவர்கள் அப்படி இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

• மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் நகர மன்றம் 2020 ஜூனில், இருவருக்கு மேற்பட்டோரும் இல்லத்துணைகளாக (திருமணமின்றிச் சேர்ந்து வாழும் துணைகளாக) பதிந்துகொள்ள வழிசெய்தது. கோவிட் காலம் அது: ஆஸ்பத்திரியில் கிடக்கும் துணையை உள்ளே போய்ப் பார்க்க உரிமை வேண்டுமே என்ற கவலையில்தான் பேச்சே தொடங்கியது.