தூரமும் நேரமும் – 7: திருச்சியிலிருந்து பலாலிக்கு

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் விமானப் பயணத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நமக்குப் பக்கத்திலேயே ஒரு தடம்: திருச்சி – யாழ்ப்பாணம்.

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான். திருச்சிக்குச் சென்னை இதைவிடத் தூரம். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பும் இதைவிடத் தூரம். 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தில் ஏடிஆர்-72 விமானத்தை இயக்கத் தொடங்கியது. அந்த விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை பறக்கும். அப்படியானால் 22 நிமிடம் போதும். அட்டவணையிலோ சுமார் ஒரு மணி நேரம். மீதி நேரம் எங்கே போனது?

கடிகார வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 2006 முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர்வது முதல், மறுமுனையில் வந்து நிற்பது வரையான நேரம். விமானத்துறையினர் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவதும், புறப்பட அனுமதி பெறுவதும் இதற்குள் அடக்கம். மேலேறும்போது ஏடிஆரின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டித்தான். முழு வேகத்தை எட்டிச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். இறங்குவதற்கும் காற்றின் திசை பார்த்து, வளைந்து வந்து ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். தாமதத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் நிறுவனங்கள் சேர்த்தே அட்டவணை போடுகின்றன.

ஜெட் விமானம் விட்டால்? பெரிய லாபம் இல்லை. ஜெட் தன் உயரத்தை எட்டுவதற்குள் ஊர் வந்துவிடும். குறுந்தூரத்தில் எரிபொருள் கணக்கும் ஏடிஆர் போன்ற டர்போபிராப் (விசிறி) விமானங்களுக்கே சாதகம்.

பலாலி புது நிலையம் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பின் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னைக்கு விட்டது. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபரில்தான் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக என்ன செய்தார்? தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, ஏறக்குறைய அதே தூரத்தைப் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வந்தார். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். ஒரு நாள் முழுக்க அதற்கே சரியாகிவிடும்.

ஆகவே இந்தத் தடத்தில் நேரத்தைச் சுருக்கியது விமானத்தின் வேகம் அல்ல, நேர்வழி திறந்ததுதான்.

ஆனாலும் பயணம் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். தூரம் உள்ளூர்த் தூரம்; சட்டப்படி வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு, சுங்கம் எல்லாம் உண்டு. பலாலியிலிருந்து யாழ் நகருக்கும் 15 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழி. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டு, அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)