வெளுத்த சாயத்தை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள்

கடந்த ஞாயிறு குளுவாங்கில் பசியாறிவிட்டு நடந்தபோது, கடைவரிசையின் பின்சந்தில் ஒரு மோரிஸ் மைனர் கண்ணில் பட்டது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார். கூரை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கதவின் கீழ்ப்பகுதி மட்டும் இன்னும் கரும்பச்சை.

நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, உரிமையாளரான பெரியவர் வெளியே வந்தார்.

"புதுசா சாயம் அடிச்சிடலாம்னு இருக்கேன் தம்பி. என்ன சொல்றீங்க?"

கூரையை விரலால் தேய்த்தேன். பச்சைத் தூள் ஒட்டியது. அக்காலச் சாயத்தின் மேல் இன்றைய கார்களைப்போல் நிறமற்ற மேல்பூச்சு கிடையாது. வெயில் நேராகச் சாயத்தையே தின்னும். மேலே மாவாகும், அடியில் நிறம் பிழைத்திருக்கும். மேல்பூச்சுள்ள காரில் அது செதில் செதிலாக உரியும். மெருகேற்றினாலும் சரியாகாது.

தூளை மட்டும் நம்பிவிடக் கூடாது. பின்பெட்டியின் உள்பக்கம், கதவு மூடும் விளிம்பு இரண்டிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பில் சாயம் தெறித்திருந்தால், பிறகு அடித்தது. துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கலாம். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் ஜொகூரில் வெயிலோடு ஈரமும் சேரும். சக்கர வளைவில் சாயம் கொப்பளித்தால் அடியில் துரு. அதற்கு மட்டும் தாமதம் கூடாது.

இதெல்லாம் எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது. அப்பா இறந்த பிறகு, மரியாதை செய்வதாக நினைத்து அவருடைய டட்சன் 120 ஒய் காருக்குப் புதுச் சாயம் அடித்தேன். ஓட்டும்போது அவர் முழங்கை ஊன்றி ஊன்றி, சன்னலோரம் கையகலத்துக்குச் சாயம் தேய்ந்திருந்தது. அதையும் சுரண்டச் சொன்னது நான்தான். பளபளத்த காரைப் பார்த்து அம்மா கேட்டார்: "யாரு காருப்பா இது?"

பெரியவரிடம் இதைச் சொன்னேன். பின்பெட்டியைத் திறந்தார், உள்ளேயும் அதே கரும்பச்சை. ரப்பரில் தெறிப்பில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் துணியில் மெருகு தொட்டு மெல்லத் தேய்த்தோம். அழுத்தித் தேய்த்தால் மிச்சச் சாயமும் போய்விடும். துணி பச்சையானது. வெளுப்புக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவு கரும்பச்சை மின்னியது.

பெரியவர் அந்த இடத்தை மெதுவாகத் தடவினார்.

"துருவை மட்டும் பார்த்துக்கிறேன் தம்பி. மத்தது அப்படியே இருக்கட்டும்."