கடைவாய்ப் பல்லைக் காக்கும் பீங்கான்

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. அது முன்பற்களுக்கே பெரிதும் பொருந்தும். கடைவாய்ப் பல் போனாலோ, கெடுவது சொல்லன்று, சோறு. உணவை அரைக்கும் சுமை அப்பற்களின்மேலேயே விழுகின்றது. அவற்றின் பள்ளங்களில் உணவுத் துணுக்குகள் தங்குவதாற் சூத்தையும் அங்கே எளிதிற் பற்றுகின்றது.

உடைந்த எலும்பு கூடும். உடைந்த பல் கூடாது. பல்லின் வெளியுறையாகிய மிளிரியை உண்டாக்கும் கலங்கள், பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே எஞ்சியிருக்கும் நற்பாகம் மீளப் பெறமுடியாத செல்வமாகும்.

சிறு குழிக்குச் சாதாரண அடைப்பே போதும். பெருங்குழியை அவ்வாறு அடைத்தால், மெலிந்த சுவர்கள் மெல்லும்போது பிளக்கக்கூடும். கிரவுன் எனப்படும் முழுவுறை அணிவதாயின், நலமாயுள்ள பக்கங்களையும் சுற்றிவரச் செதுக்கவேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே பகுதிப் பீங்கான் சீரமைப்பு. பல்லின் முகடுகளுக்கு உள்ளே அடங்குவது இன்லே. மெலிந்த முகட்டையும் சேர்த்து மூடுவது ஒன்லே.

இவ்வழியைத் திறந்தவை இரண்டு. 1955 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் புவனோக்கோர், பொசுபோரிக்கமிலத்தால் மிளிரியைப் பதப்படுத்தினால் பிசின் அதனை இறுகப் பற்றும் எனக் காட்டினார். 1985 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வேர்னர் மேர்மனும் மார்க்கோ பிரண்டெஸ்தினியும் அமைத்த கணினிப் பொறி, நோயாளி அமர்ந்திருக்கும்போதே பீங்கான் அடைப்பைக் கடைந்து கொடுத்தது.

இன்று, சூத்தையை அகற்றியபின், சிறு ஒளிக்கருவி பல்லின் வடிவத்தை அளக்கின்றது. எதிர்ப் பல்லின் கடிக்கு இசையுமாறு கணினி குறைபாகத்தை வரைகின்றது. வைரத்தூள் பதித்த ஊசிகள் பீங்கான் கட்டியைக் கடைகின்றன. இலிதியம் டைசிலிக்கேற்று என்னும் வகை, கடையும்போது நீலமாயிருக்கும். ஏறக்குறைய 840 பாகை செல்சியசிற் சுட்டபின்பே பல்லின் நிறமும் முழு வலிமையும் பெறும். பின்னர் அது பல்லோடு ஒட்டப்படும். அவ்வேளை உமிழ்நீர் பட்டாற் பிடிப்புத் தளரும். ஆதலாற் பல்லை உலர்வாக வைத்தல் வைத்தியரின் தலையாய கடன்.

பீங்கானைச் சூத்தை அரிக்காது. ஆயினும் அது பல்லோடு சேரும் விளிம்பில் மீண்டும் பற்றலாம். ஈறுக்கு மிகக் கீழே உடைந்த பல்லுக்கும், உறக்கத்திற் பல்லைக் கடிப்போர்க்கும் இம்முறை எப்போதும் ஏற்றதன்று. செலவும் மிகுதி.

வலி தணிந்ததும் பல்லை மறப்பது பலரின் வழக்கம். வலி நின்றமை, நோய் நின்றமைக்கு அடையாளமன்று. பல்லின் நரம்பு இறந்தமைக்கும் அடையாளமாகலாம். கொழும்பு வார்ட் பிளேசில் அரசாங்கத்தின் தேசிய பல் வைத்தியசாலை உண்டு. கொலன்னாவை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வாசிகளுக்கு அது தொலைவன்று. குழி சிறிதாயிருக்கும்போதே காட்டினால், எளிய அடைப்போடு காரியம் முடியும், பீங்கானே வேண்டியிராது.