பெட்ரோலா, கரண்டா? நொடிக்கு நொடி ஒரு கணக்கு

சிக்னலில் நிற்கும் ஹைப்ரிட் காரில் இன்ஜின் சத்தம் கேட்காது. பச்சை விழுந்ததும் ஓசையில்லாமல் நகரும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகுதான் இன்ஜின் விழித்துக்கொள்ளும். ஓட்டுபவர் எந்த ஸ்விட்சையும் தொட்டிருக்க மாட்டார். இன்ஜினை எப்போது எழுப்புவது, மோட்டாரிடம் எவ்வளவு வேலை வாங்குவது, பேட்டரிக்கு எப்போது தீனி போடுவது எல்லாமே காருக்குள் இருக்கும் கணினியின் முடிவு. விளம்பரத்தில் மோட்டாரும் பேட்டரியும்தான் முகம் காட்டும். அந்த இரண்டையும் வைத்துக் குடும்பம் நடத்துவது இந்தக் கணினிதான்.

குடும்பத்தின் கையிருப்பு எவ்வளவு தெரியுமா? டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2003-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் 168 செல்கள் கொண்ட பேட்டரி இருந்தது. முழுக் கொள்ளளவே சுமார் 1.3 யூனிட், நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தப் பேட்டரி மொத்தமும் சேர்ந்து 150 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அதையும் முழுசாகத் தொட முடியாது. ஆயுள் குறையாமல் இருக்க, சார்ஜை 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள். மிஞ்சுவது 60 மில்லி. ஒரு காபி தம்ளர்கூட நிறையாது.

இதை வைத்துக்கொண்டு மைலேஜ் எப்படி ஏறுகிறது? பெட்ரோல் இன்ஜினின் சுபாவத்தில் விடை இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது குடிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி வெறும் சூடாகவே வெளியேறிவிடும். நடுத்தர வேகத்தில், ஓரளவு கனமான வேலை கொடுத்தால்தான் திறமையைக் காட்டும். 2015-இல் வந்த பிரியஸ் இன்ஜினின் உச்சத் திறன் 40 சதவீதம். அதுவும் அந்தச் சாதகமான நிலையில் மட்டுமே. ஊர்ந்து போகும் வேலையை மோட்டாரிடம் தள்ளிவிட்டு, இன்ஜினை அதற்குப் பிடித்த நிலையில் மட்டும் ஓடவிடுவதுதான் சூட்சுமம்.

அப்படியானால் இன்ஜினை எப்போதும் உச்சத் திறனில் ஓட்டி, மிச்சத்தைப் பேட்டரியில் சேர்த்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். இன்ஜின் சக்தி ஜெனரேட்டரில் கரண்டாகி, பேட்டரிக்குள் போய் வந்து, மோட்டாரில் மறுபடி சுழற்சியாக வேண்டும். படிக்குப் பத்து சதவீதம் நஷ்டம் என்று வைத்தாலும், மூன்று படியில் 27 சதவீதம் காணாமல் போய்விடும். எனவே சேமிப்பதும் சில நேரம் ஊதாரித்தனம்.

இப்போது செலவழிப்பதா, பிறகு பார்த்துக்கொள்வதா? முன்னால் மேடு வருமா, பள்ளம் வருமா என்று தெரியாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? பயணம் முழுவதும் முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் காட்டிய முறைப்படி, போய்ச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்தால் மிகச் சிக்கனமான வழி கிடைத்துவிடும். ஆனால் சாலையில் யாரும் பின்னோக்கி வாழ்வதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் மற்ற முறைகளை அளக்கும் உரைகல்லாகத்தான் அது பயன்படுகிறது.

மாஸ்கோவில் அதே காலத்தில் இன்னொரு வழி பிறந்தது. அதைத் தந்த கணித அறிஞர் லெவ் பொன்ட்ரியாகின், 14 வயதில் அடுப்பு வெடித்துப் பார்வையை இழந்தவர். தாயார் கணிதப் புத்தகங்களைப் படித்துக் காட்ட, கேட்டே கற்றவர். அவருடைய கோட்பாட்டில், கையிருப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைமுக விலை உண்டு. 1990-களின் கடைசியில், பிரான்சின் வாலன்சியன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜீனோ பாகனெல்லி, பேட்டரிக் கரண்டுக்குப் பெட்ரோலில் விலை வைக்கும் முறையை உருவாக்கினார். அது பொன்ட்ரியாகின் கணிதத்தோடு பொருந்துவது பின்னால் தெளிவாயிற்று.

என் கணிப்பில், இந்தத் துறையின் ஆக அழகான யோசனை இதுதான். சார்ஜ் 60 சதவீதம் இருக்கிறது என்றால் கரண்ட் விலை மிதம். ஊர்ந்து போக மோட்டார் போதும். 45-க்கு இறங்கினால் விலை ஏறும். அதே தெருவில், அதே வேகத்தில் இன்ஜின் ஓடத் தொடங்கும். நீண்ட இறக்கத்தில், பிரேக்கில் இருந்து திரும்பும் கரண்டால் பேட்டரி நிரம்பிவிட்டால் கரண்ட் மலிவு, இன்ஜினுக்கு விடுப்பு. நேற்று வராத இன்ஜின் சத்தம் இன்று ஏன் வருகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. விலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வழிகாட்டி வரைபடமும் கைகொடுத்தால் கணக்கு இன்னும் கூர்மையாகும். முன்னால் நீண்ட இறக்கம் உண்டு என்று தெரிந்தால், அதற்கு முன்பே பேட்டரியைச் செலவழித்து இடம் காலி செய்து வைக்கலாம். இல்லாவிட்டால் இறக்கத்தில் சும்மா கிடைக்கும் கரண்டை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. இப்போது ஆய்விதழ்களைத் திறந்தால், தானே ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு முறைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் நன்றாகச் சீர்செய்த விலை முறையே பெல்மன் உரைகல்லுக்குச் சில சதவீதம் அருகில் வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் லாபம் அந்தச் சில சதவீதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஆரவாரத்தைக் கேட்கலாம்.

இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்ற ஹைப்ரிட்கள் நம் சாலைகளிலும் ஓடுகின்றன. இவற்றை வீட்டில் சார்ஜ் போட முடியாது. பேட்டரிக்கு வரும் கரண்ட் ஒன்று பெட்ரோலில் இருந்து வர வேண்டும், இல்லை பிரேக்கில் இருந்து திரும்ப வேண்டும். சடாரென்று மிதித்தால் மோட்டாரால் அத்தனையையும் வாங்க முடியாது; பாக்கியைப் பிரேக் பேட் சூடாக்கித் தீர்த்துவிடும். தூரத்தில் சிவப்பு விளக்கு எரிவதை நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். பார்த்தவுடனே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, முன்கூட்டியே பிரேக்கை மெதுவாக மிதியுங்கள்.