ஏறின கியரும் இறங்கின மானமும்!

ஊட்டி டூருக்கு என் பி.காம். மூளை லிஸ்ட் போட்டது. கிராஷ் கார்டு, சைடு பாக்ஸ், மஞ்சள் ஃபாக் லேம்ப்... செலவு பதினெட்டாயிரம். பைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது!

திரும்பும்போதுதான் வினை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் மிச்சமாகுமே என்று நியூட்ரலில் இறங்கினேன். பர்லியார் பக்கம் பின் பிரேக் 'சொத்'தென்று உள்ளே போனது! முன் பிரேக்கும் முருகன் புண்ணியமும் காப்பாற்றின.

விடாமல் மிதித்தால் டிஸ்க் சூடாகி, பிரேக் ஆயில் கொதித்து, ஆவிக் குமிழி கட்டிவிடுமாம். அப்புறம் மிதிப்பதெல்லாம் வெறும் காற்றைத்தான்!

அடிவாரத்து மெக்கானிக் சிரித்தார். "ஏனுங்க, ஏறுன கியர்லதானுங்க எறங்கோணும்!"

செகண்ட் கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு ஓய்வு.

பதினெட்டாயிரம் செய்யாததை, வண்டியோடு ஓசியில் வந்த கியர் செய்யும் சார்!