50-க்கும் 60-க்கும் நடுவே ஒரு சிப்

சங்கரன்கோவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பிஏஎல்-பி முறைக்கும் அதே கணக்குதான்: ஒரு படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 50 அரைப்படம். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியும் இதே முறை என்பதால், தென் தமிழகத்தில் உயரமாக ஆன்டெனா கட்டியவர்களுக்கு அதைப் பார்க்கத் தனி டிவி தேவைப்படவில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் வேறு வழியில் போயின. அவற்றின் என்டிஎஸ்சி முறையில் 525 வரி, ஏறக்குறைய 60 அரைப்படம்.

அக்காலத்து வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் வீட்டு டிவியையே திரையாகக் கொண்டவை. ஆகவே ஒரு நாட்டுக்குச் செய்த கணினி வேறு டிவி முறை கொண்ட நாட்டில் அப்படியே ஓடாது. நிற அலைவெண்ணை மாற்றினால் மட்டும் தீராது. படம் வரையும் சிப்தான் கணினிக்கே கடிகாரம். கமோடோர் 64-இன் அமெரிக்க சிப் 6567, பிஏஎல் சிப் 6569. முதலாவது ஒரு வரியை 65 துடிப்பில் வரைந்து 263 வரியில் ஓர் அரைப்படத்தை முடிக்கும். இரண்டாவதற்கு 63 துடிப்பு, 312 வரி. அமெரிக்க சிப்பின் தொடக்கத் திருத்தத்தில் வரிக்கு 64 துடிப்புதான். துடிப்பை எண்ணி எழுதிய நிரலுக்கு அந்த ஒன்று குறைந்தாலே போதும், திரையில் கோடுகள் விலகிவிடும்.

பிரிட்டனும் பிஏஎல் நாடு. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986-இல் உரிமம் பெற்று இந்தியாவில் விற்றபோது, படம் வரையும் அடிப்படையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் ஜப்பானிலிருந்து வந்தது. நின்டென்டோவின் பேமிகாம், அதாவது 'குடும்பக் கணினி', 60 அரைப்படத்துக்கு வடிவமைக்கப்பட்டது. அதில் செயலியின் ஒரு துடிப்புக்குத் திரையில் 3 புள்ளி நகரும். நின்டென்டோவின் சொந்த பிஏஎல் பெட்டியின் சிப்பில் இது 3.2 ஆனது, ஜப்பானியக் கேசட்டுகள் பல அதில் பிசகின. தைவானின் யூஎம்சி நிறுவனம் நகல் பெட்டிகளுக்காகச் செய்த யூஏ6538 இதைவிட நேர்த்தியானது. 312 வரியை வரைந்தாலும், துடிப்புக்கு 3 புள்ளி என்ற விகிதத்தை அது காப்பாற்றியது. பேமிகாமைவிடக் கூடுதலான 50 வரியைப் படத்தின் அடியில் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகே 'படம் முடிந்தது' என்று செயலிக்குச் சொல்லியது. கேசட்டில் உள்ள நிரலுக்கு ஜப்பானில் இருப்பதாகவே நினைப்பு.

1990-களில் இந்தியாவில் பரவிய டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் இந்த நகல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த சிப்பில் ஓடும் மரியோ, ஜப்பானில் ஓடுவதன் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடுவார். இசையின் தாளமும் அதே அளவு தளரும், சுருதி மட்டும் ஏறக்குறைய ஒரு சதவீதமே இறங்கும். நின்டென்டோவின் பிஏஎல் சிப்பில் 'படம் முடிந்தது' என்ற பிறகு கிடைக்கும் நீண்ட இடைவேளையை நம்பி எழுதப்பட்ட ஒருசில ஆட்டங்கள்தாம் இதில் தடுமாறும்.